நாற்பத்தொரு பிழை

பம்ப்காரர் தம் வாழ்நாளில் அதுவரை இங்கிலீஷில் எழுதிய கடிதங்கள் மொத்தம் இரண்டு. முதலாவது எட்டாம் வகுப்பில், காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு கேட்டது. இரண்டாவது முப்பது வருஷம் கழித்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மூன்று நாள் லீவு கேட்டது. இரண்டுக்கும் அச்சு ஒன்றுதான். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று வாத்தியார் காதைத் திருகி ஏற்றிய வாக்கியம் இறங்காமல் உள்ளேயே கிடந்தது. காய்ச்சல் இருந்த இடத்தில் மகளைத் தூக்கி வைத்தார். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மை டாட்டர்.’ மகள் என்னும் நோயால் அவதிப்படுகிறேன், கருணை கூர்ந்து மூன்று நாள் தரவும். எழுதி முடித்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். கம்பீரமாகத்தான் இருந்தது.

மேஸ்திரியிடம் தலையைச் சொறிந்தால் லீவு கிடைத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதம் போனாலும் இங்கிலீஷில்தான் போக வேண்டும். போகிற வழியில் ஆங்கிலத் தூய்மை அலுவலகத்தில் இறங்கி, பிழை திருத்தி, முத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு தெருவே சேர்ந்து எழுதிய மனு அங்கே போய்ப் பதினோரு மாதம் தங்கி, குற்றம் குறை இல்லாத இங்கிலீஷோடு திரும்பி வந்தது. வாங்கிக்கொள்ளத்தான் தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் பம்ப் அறை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. தூய்மை அலுவலகத்து வண்டி. பம்ப்காரரின் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஓடி வந்தாள். அவர்கள் குடியிருந்தது பம்ப் அறையை ஒட்டிய ஒற்றை அறையில்தான். மோட்டார் ஓடும்போதெல்லாம் தரை அதிரும், பாத்திரம் அதிரும், பத்து வயது மகள் நோட்டில் எழுதுகிற எழுத்தும் அதிரும்.

“என்னத்த எழுதித் தொலைச்சீங்க?” என்றாள் மனைவி.

“லீவுதான்டி கேட்டேன்.”

“லீவு கேட்டதுக்கா வண்டி அனுப்புவாங்க? நல்லா யோசிங்க, யாரையாவது திட்டி எழுதிட்டீங்களா?”

“திட்டற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரிஞ்சா நான் ஏன்டி பம்ப் ஓட்டறேன்?” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

தூய்மை அலுவலகம் மூன்று மாடிக் கட்டடம். அறுபத்திரண்டு பேர். தரைத்தளத்தில் எழுத்துப்பிழைப் பிரிவு. முதல் மாடியில் காலப் பிரிவு. நடந்ததை நடக்கிறதாகவும் நடக்கப் போகிறதை நடந்ததாகவும் எழுதுகிறவர்களைப் பிடிப்பது அவர்கள் வேலை. இரண்டாம் மாடியில் இன், ஆன், அட் பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலே, தகரக் கூரைக்குக் கீழே, அப்பாஸ்ட்ரஃபி அறை. அங்கே இரண்டே பேர், பதினெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். இத்தனைக்கும் தலைவர் இயக்குநர். அவருக்கு அலுவலகத்தில் ‘முற்றுப்புள்ளி’ என்று பேர். அவர் பேச்சில் அது ஒரு நாளும் வந்ததில்லை என்பதால் வைத்த பேர்.

பம்ப்காரர் அவர் அறைக்குள் போனபோது, மேஜையின் நடுவே அவருடைய லீவுக் கடிதம் கண்ணாடித் தகட்டுக்குக் கீழே படுத்திருந்தது. சுற்றிப் பிரிவுத் தலைவர்கள் நின்றிருந்தார்கள். முழுக் கடிதமும் சிவப்பு மையில் குளித்திருந்தது.

“நாப்பத்தொண்ணு,” என்றார் இயக்குநர். கண்ணாடித் தகட்டைத் தடவினார். “ஒன்பது வரியில நாப்பத்தொரு பிழை.”

பம்ப்காரர் அவசரமாகச் செருப்பைக் கழற்றினார். “ஐயா, மன்னிச்சிடுங்க ஐயா. தெரியாம எழுதிட்டேன். இனிமே ஜென்மத்துக்கும் எழுதமாட்டேன்.”

“எழுதமாட்டீங்களா?” இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “ஐயோ, அப்படி ஒரு வார்த்தை சொல்லாதீங்க!”

விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. ஊரில் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. போன் தானாகவே பிழையைத் திருத்தி விடுகிறது. ஒரு வருஷமாக அலுவலகத்துக்கு வருகிற காகிதத்தில் பிழை அருகிப்போய், எழுத்துப்பிழைப் பிரிவில் ஆட்கள் ஒருவர் கைரேகையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்குத் தலைமையகத்திலிருந்து ஓலை வந்திருந்தது: மூன்று மாதத்தில் முந்நூறு பிழை பிடிக்காத பிரிவு மூடப்படும்.

“பாருங்க, பிழை இல்லைன்னா திருத்தம் இல்லை, திருத்தம் இல்லைன்னா நாங்க இல்லை, நாங்க இல்லைன்னா இந்த ஜனங்க பிழை பண்ணுவாங்க, அப்படிப் பண்ணினா நாங்க இருக்கணும், ஆனா நாங்க இருக்கும்போது பண்ணமாட்டேங்கறாங்க, அதனால நீங்க இங்கேயே உக்காந்து தினமும் நாலு கடிதம் எழுதணும், மனசுல பட்டதை, மத்ததை நாங்க பாத்துக்கறோம்,” என்றார் இயக்குநர் ஒரே மூச்சில்.

ஒரே ஒரு நிபந்தனை. பிழை இயற்கையாக இருக்க வேண்டும். வேண்டுமென்றே செய்தால் மோசடி. எழுதுவதற்குக் கூலியாக அலுவலர் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. மகளுக்கு, அலுவலர் பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில், ‘ஆங்கிலம் அறியாப் பெற்றோரின் பிள்ளைகள்’ ஒதுக்கீட்டில் ஓர் இடம். லீவு போட்டுக்கொண்டு வரிசையில் நிற்க இருந்தவருக்கு இடம் மடியிலேயே வந்து விழுந்தது. பம்ப்காரர் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார். அதிலும் ஒரு பிழை இருந்தது. எழுத்துப்பிழைப் பிரிவு கைதட்டியது.

புது வீட்டில் தரை அதிரவில்லை. முதல் நாள் மகள் ஒரு பக்கம் எழுதிவிட்டு, “அப்பா, என் கையெழுத்து இவ்வளவு அழகா?” என்று தானே ஆச்சரியப்பட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஆயுசுபூராவும் முட்டாளாக இருந்துவிட்டுப் போகலாம் என்று பம்ப்காரருக்குத் தோன்றியது.

முதல் இரண்டு மாதம் ராஜ உபசாரம். மனதில் பட்டதையெல்லாம் எழுதினார். பம்ப்பின் வாஷர் தேய்ந்ததை எழுதினார், மனைவியின் மூட்டுவலியை எழுதினார், மேஸ்திரி செத்தால் யார் வருவார் என்று எழுதினார். காகிதம் மேஜையை விட்டுக் கிளம்புமுன் பிரிவுகள் அடித்துக்கொண்டன. ஒரு நாள் இன், ஆன், அட் பிரிவின் தலைவி தனியாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, இந்த மாசம் எங்களுக்கு ஒண்ணுமே சரியா வரலை. எல்லாத்தையும் காலப் பிரிவுக்கே அள்ளிக் குடுத்துட்டீங்க. கொஞ்சம் பாத்து எழுதுங்கண்ணே.”

“பாத்து எழுதினா தப்பு வராதேம்மா.”

“அப்ப பாக்காம எழுதுங்க!” என்று அவர் முன்னால் டீயை வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் மனுஷன் பம்ப்காரர். முப்பது வருஷம் குழாயோடு வாழ்ந்தவர். ஒழுகுகிற இடத்தை ஒரு தடவை காட்டிவிட்டால் அடைக்காமல் அவரால் தூங்க முடியாது. திருத்திய கடிதங்கள் கோப்புக்குப் போகுமுன் அவர் மேஜை வழியாகத்தான் போகும். சிவப்பு மை போட்ட இடமெல்லாம் அவர் கண்ணுக்கு ஒழுகல். ‘ஓ, இங்கேயா போகுது’ என்று பார்த்து வைத்துக்கொள்வார். அடுத்த கடிதத்தில் அந்த இடம் ஒழுகாது. சாயங்காலம் மகள் அடுத்த அறையில் பாடம் படிப்பாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மோட்டாரின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற காது அவருடையது. அந்தக் காதில் பாடம் விழாமல் எங்கே போகும்? தாம் கற்றுக்கொள்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

அலுவலகத்துக்குத் தெரிந்தது. கூடத்துச் சுவரில் அவர் பிழைகளின் வரைபடம் ஒன்று, நோயாளியின் கட்டில் தலைமாட்டில் தொங்குவதுபோல, தொங்கியது. நாற்பத்தொன்று, முப்பத்து மூன்று, இருபது, பன்னிரண்டு. கோடு கீழே இறங்க இறங்க அறுபத்திரண்டு முகங்களும் அதோடு சேர்ந்து இறங்கின.

“வீட்டுல யாரோ சொல்லிக் குடுக்கறாங்க,” என்றார் இயக்குநர்.

மறுநாளே உத்தரவு வந்தது. வீட்டில் இங்கிலீஷ் புழங்கக் கூடாது. எழுத்துப்பிழைப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து சோப்பு உறை, மருந்துச் சீட்டு, தீப்பெட்டி எல்லாவற்றின் மேலும் வெள்ளைக் காகிதம் ஒட்டினார்கள்.

“குளிக்கற அறைக்குள்ளயும் வருவாங்களாமா?” என்று மனைவி கேட்டாள்.

“ஷாம்பு பாட்டில் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே அவர்கள் உள்ளே போனார்கள்.

மகள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயை அசைக்காமல் படிக்க வேண்டும் என்று ஆனது. படித்து முடித்துக் கீழே வந்தால் இரண்டு மணி நேரம் அப்பாவோடு பேசக் கூடாது. சூடு ஆற வேண்டுமாம். பிள்ளை தலையை ஆட்டினாள். பெரியவர்கள் இப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

கோடு எட்டுக்கு வந்தது. இத்தனை நாள் ‘வாங்க, உக்காருங்க’ என்றிருந்த இயக்குநர் ‘வா, நில்லு’ என்று ஆனார். பிழை வரவழைக்க ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எழுதும்போது காதருகே தகரம் தட்டினார்கள். இடது கையால் எழுதச் சொன்னார்கள். பதினெட்டு வருஷமாகப் பேசாத அப்பாஸ்ட்ரஃபி அறைக்காரர்கள் இரண்டு பேரும் முதன்முறையாக ஒத்துப்போய், ஒரே குரலில், “மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திப் பாருங்க, பசியில நல்லா வரும்” என்றார்கள். நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் பம்ப்காரர் மேஜைமேல் மயங்கி விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளிப்பதற்குமுன் ஒருவர் அவர் தலைக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவி எண்ணினார். ஐந்து.

எழுந்து உட்கார்ந்தபோது பம்ப்காரருக்கு நிலவரம் புரிந்தது. வீடு போனால் போகட்டும், சனியன். பிள்ளையின் இடம் போய்விடும். வகுப்பில் அவள்தான் முதல். அன்று ராஜினாமா செய்கிற வெறி வந்தது, அடக்கிக்கொண்டார். மறுநாள் தெரிந்தே தப்புத் தப்பாக எழுதினார். அவர் கணக்கில் சரியாக நாற்பத்தொன்று.

காலப் பிரிவின் தலைவர் காகிதத்தை முகர்ந்து பார்த்தார். நிஜமாகவே மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். “இது தெரிஞ்சவன் பண்ண தப்பு,” என்றார். “ஒவ்வொண்ணும் அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு. தெரியாதவன் இவ்வளவு நேர்த்தியா தப்பு பண்ணமாட்டான்.”

விசாரணை இரண்டாம் மாடியில் நடந்தது. அறுபத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். சிலர் அழுதார்கள்.

“உனக்கு என்ன குறை வெச்சோம்?” என்று இயக்குநர் ஆரம்பித்தார். “உன்கிட்ட ஒரே ஒரு சொத்து இருந்துது, அது உனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது, அதை நம்பி மூணு மாடி கட்டடம் நின்னுது, அறுபத்திரண்டு குடும்பம் சோறு தின்னுது, நாங்கல்லாம் திருத்தறது நீங்கள்லாம் திருந்தறதுக்குன்னு நெனைச்சுட்டியா, திருந்திட்டா அப்புறம் யாரைத் திருத்தறது, ஜனங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நாங்க ஒரு நாளும் சொன்னதில்லை, ஆனா தெரிஞ்சுக்கறதுக்கு முன்னால எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணுமா இல்லையா, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியே, திருட்டுத்தனமா இங்கிலீஷ் கத்துக்கிட்டியே!”

தீர்ப்பு மூன்று பகுதி. பழையபடி பம்ப் அறைக்குப் போக வேண்டும். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தகப்பனுக்கு ஆங்கிலம் வந்துவிட்டபடியால் மகள் ஒதுக்கீட்டு இடத்துக்கு அருகதை இழக்கிறாள்.

பம்ப்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, என்னை என்ன வேணா பண்ணுங்க. பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?”

“மேல்முறையீடு பண்ணிக்கோ. இங்கிலீஷ்லதான் எழுதணும்,” என்றார் இயக்குநர்.

பம்ப்காரர் அங்கேயே நின்று யோசித்தார். பிழையில்லாமல் எழுதினால், இங்கிலீஷ் தெரியும் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. பிழையோடு எழுதினால் மோசடி. எழுதாமல் விட்டால் பிள்ளை வீட்டில். எந்தப் பக்கம் வால்வைத் திருகினாலும் தண்ணீர் வராத குழாய் அது.

படியிறங்கும்போது இன், ஆன், அட் தலைவி பின்னாலேயே வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, விதி நூத்திப் பதினாலு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க மனுவை அலுவலகத் தலைவரே எழுதணும். மனுதாரர் கைநாட்டு வெச்சா போதும். பொண்ணு இடமும் அதுலயே உறுதி.”

“எனக்குத்தான் எழுதத் தெரியுமேம்மா. மலையா குவிச்சு வெச்சிருக்கீங்களே.”

“தெரியாதுன்னு சொல்லிடுங்க. தமிழும் தெரியாதுன்னு சொல்லணும். அந்தக் கடிதமெல்லாம் வேற யாரோ எழுதினதுன்னு காகிதம் போட்டுக்கலாம். உங்களுக்கு எதுவுமே தெரியாதுன்னா இங்க எல்லாருக்கும் சந்தோஷம்தான்.”

ஊரில் எழுத்தறியாதவனைக் கைநாட்டு என்றுதான் சொல்வார்கள். பம்ப்காரரின் அப்பா கைநாட்டு. ‘நீயாவது பேரை எழுதணும்டா’ என்று பம்ப்காரரைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியடித்தவர் அவர்தான். அன்று சாயங்காலம் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அவர் கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு, “விரல்தானே,” என்றாள். “வெட்டியா குடுக்கச் சொல்றாங்க?” அப்படிச் சொன்னவள் அடுப்பங்கரைக்குப் போய் அழுதாள்.

மறுநாள் ஸ்டாம்ப் பேடு வந்தது. கட்டைவிரலைப் பிடித்து உருட்டினார்கள். விதி நூற்றுப் பதினான்கின்படி இயக்குநர் தம் கைப்பட மனுவை எழுதினார், பதினோரு வரி. எத்தனையோ வருஷமாக முத்திரை மட்டும் குத்தியவருக்கு, பேனா பிடிக்கும்போது நாக்கு வெளியே வந்தது. மனு வழக்கம்போல் கீழே எழுத்துப்பிழைப் பிரிவுக்குப் போனது.

அரைமணி நேரத்தில் கீழேயிருந்து ஒரு கூச்சல் கேட்டது. பிரிவுத் தலைவர்களும் அவர்கள் பின்னால் மொத்த அலுவலகமும் படியேறி ஓடி வந்தார்கள். காலப் பிரிவுக்காரர் மனுவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். “ஐயா, ஐம்பத்தாறு!” என்று கத்தினார். “முகர்ந்து பாத்துட்டேன். கலப்படமே இல்லை. அத்தனையும் இயற்கை! அப்பாஸ்ட்ரஃபி மட்டுமே ஒன்பது!”

ஒரு கணம் எல்லாரும் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார்.

“பிழை யாருடையது?” என்று கேட்டார், ஜன்னலைப் பார்த்தபடியே.

“கைநாட்டுக்காரருடையது ஐயா. வேற யாருதா இருக்கும்?” என்றார்கள் அறுபத்தொரு பேரும்.

மனு ஏற்கப்பட்டது. மகளின் இடம் நிலைத்தது. வீடு மட்டும் போயிற்று. அது மோசடிக்கான தண்டனை. கூடவே ஒரு நிரந்தர உத்தரவும் போட்டார்கள்: ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பம்ப்காரர் வந்து விரலைக் கொடுக்க வேண்டும், இயக்குநர் அவர் சார்பில் கடிதங்கள் எழுதுவார். எந்தப் பிரிவும் மூடப்படவில்லை. அந்த வருஷம் தலைமையகம் இயக்குநருக்குப் பதக்கம் கொடுத்தது. நான்காவது மாடிக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

பம்ப்காரர் மறுபடி அதிர்கிற அறைக்கு வந்தார். மகளின் எழுத்து மறுபடி அதிர்ந்தது. சாயங்காலங்களில், மோட்டார் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், அப்பாவும் மகளும் அவளுடைய கதைப் புத்தகத்தை மாற்றி மாற்றி வாசித்தார்கள். அவர் வாசிப்பது இப்போது அவளை விடச் சரளமாக இருந்தது. “அப்பா, நீங்க எங்க மிஸ்ஸை விட நல்லா படிக்கறீங்க,” என்றாள் ஒரு நாள். “சத்தமா சொல்லாத,” என்றார் அவர்.

பரீட்சை முடிந்து பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். பம்ப்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். மேஜைமேல் மதிப்பெண் அட்டை இருந்தது. எல்லாவற்றிலும் மகள் முதல். எல்லாத் தகப்பன்மாரும் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நகர, பம்ப்காரர் கட்டைவிரலை நீட்டினார். டீச்சர் ஸ்டாம்ப் பேடை அவர் பக்கம் தள்ளினாள். இரண்டு விரலால்தான் தள்ளினாள்.

தள்ளிவிட்டு, பக்கத்து மேஜை டீச்சர் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் சொன்னாள். சின்னக் குரலில்கூடச் சொல்லவில்லை. இவருக்குத்தான் எதுவும் தெரியாதே, காதில் விழுந்தால் என்ன? இந்தப் பெண்ணின் மார்க்கை நான் நம்பவில்லை, இப்படிப்பட்ட தகப்பனுக்குப் பிறந்தது தானாக எப்படி எழுதும், எங்கேயோ பார்த்துத்தான் எழுதியிருக்கும், இந்த ரத்தத்தில் படிப்பு ஏறாது, என்றாள். பக்கத்து டீச்சர் சிரித்தாள்.

ஒரு சொல் விடாமல் பம்ப்காரர் காதில் விழுந்தது. பதில் நுனிநாக்குக்கு வந்தது, இங்கிலீஷில், முழுசாக, பிழையில்லாமல். வாயைத் திறந்தால் அடுத்த வாரம் பிள்ளைக்கு இடம் இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு, மையில் நனைந்த விரலோடு, ஒன்றும் புரியாதவரைப்போல் சிரித்தபடி நின்றார்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

“மிஸ் என்னம்மா சொல்றாங்க?” என்று கேட்டார் பம்ப்காரர்.

“நான் நல்லா படிக்கறேன்னு சொல்றாங்கப்பா,” என்றாள் மகள். கைக்குட்டை கையில் இல்லாததால், தன் வெள்ளைச் சட்டையின் ஓரத்தை இழுத்து அவர் விரலிலிருந்த மையைத் துடைத்தாள்.

“அப்படியா?” என்றார். “அப்பா சந்தோஷப்பட்டாருன்னு மிஸ்கிட்ட சொல்லும்மா. இங்கிலீஷ்ல சொல்லு.”